படலை வழியாகப் போன கடிதங்கள்

கால்சா, பலேர்மோ
8.9.2003

ஆரணியின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பாவிட்டாலும் கடிதத்தில் அப்படித்தானே எழுத வேண்டும்.

பங்குனியில் வீட்டை விட்டு வந்த பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு கடிதமா, ரெலிபோன் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். ரெலிபோனில் நாம் இருவரும் கதைக்கத் தொடங்கினால் அது சண்டையில்தான் போய் நிற்கும். கடிதத்தில் கத்த முடியாது. மேல்மாடியில் வேலை செய்யும் ஜெரால்டின் கபோ சந்தைக்கு வரும்போது இதை உங்கள் கடையில் தருவாள். மறுமொழியை அவளிடமே கொடுங்கள். மொறீசியஸில் பிறந்த அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதில் எனக்கு ஒரு நிம்மதி.

விஷயம் இதுதான். நாங்கள் இருக்கிற வீட்டுச் சிஞ்ஞோறாவின் மகன் தன் பழைய கொம்பியூட்டரை ஆரணிக்குக் கொடுத்திருக்கிறான். உள்ளே மொடெம் இருக்கிறதாம். பள்ளிக்கூட வேலைக்கு இன்ரநெற் தேவை என்று பிள்ளை தினமும் நச்சரிக்கிறாள். அதற்காக உங்கள் இன்ரநெற் கடையில் வந்து, ஆண்கள் ஊருக்கு ரெலிபோனில் கத்தும் அந்தக் கூண்டுகளுக்கு நடுவில் அவள் குந்தியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. என் பெயரில் ஒரு இணைப்பு எடுக்கலாமென்றால் இத்தாலியில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிசில் கிடக்கிறது. கையில் துண்டு மட்டும்தான். சிஞ்ஞோறா தன் ரெலிபோனை மாலையில் பாவிக்க விட்டிருக்கிறா, ஊருக்குள் எடுப்பதென்றால் மட்டும். வழியிருந்தால் சொல்லுங்கள்.

நான் ஏன் வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், மறந்திருந்தால் ஞாபகப்படுத்த. அக்கா குகனேஸ்வரி சூரிச்சிலிருந்து எனக்கு எழுதிய கடிதங்களைக் கொதிக்கிற கேத்தில் ஆவியில் காட்டித் திறந்து வாசித்தீர்கள். நான் அறைக்குள் ரெலிபோன் கதைத்தால் நீங்கள் விறாந்தையில் மற்ற ரெலிபோனைத் தூக்கினீர்கள். கேட்டதற்கு, "புருசன் கேட்டால் என்ன குறைஞ்சு போகும்?" என்றீர்கள். அடித்த மனிசனை விட்டு வந்தேன் என்றால் சனம் ஏற்றுக்கொள்ளும். ஒட்டுக்கேட்டவரை விட்டு வந்தேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் மாறிவிட்டதாக ஆரணி சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களைப் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் சொல்கிறாள். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கனகேஸ்வரி


கபோ, பலேர்மோ
11.9.2003

அன்புள்ள கனகா,

ஜெரால்டின் உம்முடைய கடிதத்தைக் கத்தரிக்காய்ப் பையோடு சேர்த்து நீட்டினாள். கத்தரிக்காய்தான் தருகிறாள் என்று வாங்கி வைத்துவிட்டேன். பிறகு அவள் திரும்பி ஓடிவந்து பையைப் பிடுங்கிக்கொண்டு கடிதத்தை விட்டுப் போனாள். உம்முடைய எழுத்தைக் கண்டதும் கடையைக் கொஞ்ச நேரம் பூட்டிவிட்டேன். இங்கே எல்லாம் சுகம் என்று எழுதினால் நீர் நம்பமாட்டீர், ஆகவே எழுதவில்லை.

இணைப்பு எடுக்க ஒருவரிடமும் போக வேண்டாம். கடைக்கு வேகமான லைன் இருக்கிறது. மூலையில் ஒரு பழைய கொம்பியூட்டரில் மொடெம் பூட்டி, அதற்குத் தனி ரெலிபோன் இலக்கம் கொடுக்கிறேன். நீர் கால்சாவிலிருந்து அந்த இலக்கத்துக்கு டயல் பண்ணினால் போதும். ஊருக்குள் எடுக்கிற கோல்தான், சிஞ்ஞோறா முகம் சுளிக்கமாட்டா.

இனிக் கவனமாக வாசியும். லைன் பிடித்ததும் உம்முடைய கொம்பியூட்டருக்கும் என்னுடையதுக்கும் நடுவில் ஒரு பாதை விழும். அந்தப் பாதைக்கு இரண்டு முனைதான், மூன்றாமவர் இல்லை. ஒவ்வொரு முனைக்கும் ஒரு விலாசம் கொடுக்க வேண்டும். அதைத்தான் ஐபி அட்ரஸ் என்பது. என் முனை 192.168.7.1. உம்முடையது 192.168.7.2. அடுத்தது கேற்வே. உம்முடைய கொம்பியூட்டருக்குத் தெரிந்தது இந்த ஒரு பாதை மட்டும். சூரிச்சோ லண்டனோ, தனக்குத் தெரியாத எந்த விலாசத்துக்குப் போவதென்றாலும் முதலில் எங்கே போய் நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். கேற்வேக்கு நான், நம்மூர் வேலி வாசலில் போடுகிற படலை என்று பெயர் வைத்திருக்கிறேன். உம்முடைய வீட்டுக்குப் படலை என் கடையில் இருக்கிறது. இதை வாசித்து நீர் உதட்டைக் கடிப்பது எனக்குத் தெரிகிறது.

எந்தப் பெட்டியைத் திறந்து எதில் சரி போட வேண்டும் என்று தனித்தாளில் கீறியிருக்கிறேன். படம் கோணலாக இருக்கும், என் கை அப்படி.

நீர் கடைசியில் எழுதியதற்கு எப்படி மறுமொழி எழுதுவது என்று தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. விறாந்தை ரெலிபோனைக் கழற்றிவிட்டேன்.

அன்புடன்,
விக்னராஜா


கால்சா
16.9.2003

ஆரணியின் அப்பாவுக்கு,

நீங்கள் கீறித் தந்தபடி செய்தேன். மொடெம் கத்திய கத்தலில் சிஞ்ஞோறா பூனைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று ஓடிவந்தா. லைன் பிடித்தது, பிடித்த கையோடு விட்டது. திரும்பத் திரும்ப அப்படித்தான். சிஞ்ஞோறாவின் பொறுமை முடிய முன் ஆரணியைக் கூப்பிட்டேன்.

பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "மம்மா, மா கெ ஆய் ஃபாத்தோ? என்ன செய்து வைச்சிருக்கிறீங்கள்? இது அப்பான்ர நம்பரெல்லோ!" 'உங்கள் விலாசம்' என்று கேட்ட இடத்தில் நான் உங்களுடைய 192.168.7.1 ஐப் போட்டிருக்கிறேன். வேறு எதைப் போடுவேன்? கலியாணம் கட்டிய நாளிலிருந்து எந்தப் பத்திரத்திலும் விலாசம் என்ற இடத்தில் உங்கள் விலாசத்தைத்தானே எழுதி வந்தேன். கை தன்பாட்டில் போய்விட்டது.

திருத்திப் போட்ட பிறகு லைன் நிற்கிறது. ஆனால் இன்ரநெற் பக்கம் ஒன்றும் வந்து சேரவில்லை. நாம் கூப்பிடுகிறோம், எவரும் பதில் பேசவில்லை என்பது மாதிரி இருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். இனி நான் எழுதுவதெல்லாம் உங்கள் படலையால்தானே போகும்? போகும்போது அங்கே தங்கி நிற்குமா? உங்களால் வாசிக்க முடியுமா? நேராக மறுமொழி தாருங்கள். சுற்றி வளைத்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

கனகேஸ்வரி


கபோ
18.9.2003

அன்புள்ள கனகா,

இரண்டு முனைக்கும் ஒரே விலாசம் போட்டால் பாதை நிற்காது. எது போகிறது, எது வருகிறது என்று தெரியாமல் இரண்டும் திகைத்துவிடும். என்றாலும் நீர் போட்ட பிழையை வாசித்து நான் பகல் முழுவதும் சந்தோசமாக இருந்தேன். என் இலக்கம் உம்முடைய கையில் இன்னும் இருக்கிறதே.

இரண்டாவது பிழை என்னுடையது. உம்முடைய கொம்பியூட்டருக்குப் போகிற வழியைச் சொல்லித் தந்தேன். கடையில் வெளி லைனில் பூட்டியிருக்கிற பெட்டிக்கு, 192.168.7.2 என்று ஒருத்தி இந்த மூலைக் கொம்பியூட்டருக்குப் பின்னால் இருக்கிறாள் என்று சொல்லவில்லை. ஆகவே நீர் அனுப்பியவை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கின்றன. பதில்கள் கடை வரைக்கும் வந்து, உம்மிடம் வருகிற வழி தெரியாமல் அநாதையாகப் போய்விட்டன. இன்று அந்த வழியையும் எழுதிவிட்டேன். டயல் பண்ணிப் பாரும்.

நீர் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். வாசிக்க முடியுமா என்றால், முடியும். படலைக்குள்ளால் போவதை மறித்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவன் நினைத்தால் பார்க்கலாம். ஆனால் படலையின் வேலை அதல்ல. அது விலாசத்தை மட்டும் பார்க்கும், வழியைக் காட்டும், அவ்வளவுதான். முடியாது என்று பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நான் பார்க்கமாட்டேன். பிள்ளையாணை.

விக்னராஜா


கால்சா
29.9.2003

அன்புள்ள ஆரணியின் அப்பாவுக்கு,

வேலை செய்கிறது. ஆரணி எரிமலைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி ஆசிரியையிடம் நல்ல பெயர் வாங்கிவிட்டாள். பக்கத்திலேயே எத்னா இருக்கும்போது ஜப்பான் எரிமலையைப் பற்றி எழுதியிருக்கிறாள், அது அவள் குணம். உங்களைப் போல.

நானும் ஈமெயில் பழகிவிட்டேன். பகலில் எழுதி வைத்துவிட்டு, மாலையில் லைனைப் பிடித்து அனுப்புகிறேன். இந்தக் கொம்பியூட்டரில் தமிழ் எழுத்து இல்லாததால் அக்காவுக்குத் தமிழை இங்கிலீசு எழுத்தில் எழுதுகிறேன். முதல் நாள் கண்றாவியாக இருந்தது. இப்போது கை ஓடுகிறது. அக்காவோடு இப்படி மனம் விட்டுக் கதைத்து எவ்வளவு காலம்.

பிள்ளையாணை என்று எழுதியிருந்தீர்கள். சும்மா வாய்க்கு வந்தபடி ஆணையிடுகிற ஆள் நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். முடியும் என்ற உண்மையைச் சொல்லிவிட்டு, மாட்டேன் என்றும் சொன்னீர்களே, அது எனக்குப் பெரிய விஷயம். அன்றைக்குத்தான் நன்றாக நித்திரை கொண்டேன்.

நவராத்திரிக்குக் கொஞ்சம் அவல் அனுப்புகிறேன். ஜெரால்டின் வழியில் சாப்பிட்டுவிடாமல் கட்டித் தந்திருக்கிறேன். குசினி யன்னல் இன்னும் பூட்ட முடியாமல்தான் கிடக்கிறதா? மாரி வர முன் திருத்துங்கள். ஆரணியின் கட்டிலில் உங்கள் சாமான்களை அடுக்கி வைத்திருந்தால் அதையும் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். சும்மாதான் சொல்கிறேன்.

அன்புடன்,
கனகா


கபோ
3.10.2003

என் அன்புள்ள கனகா,

'கனகா' என்று நீர் கையெழுத்து வைத்ததைக் கண்டேன். அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை, எழுதினால் நீர் அடுத்த முறை 'கனகேஸ்வரி' என்று வைத்துவிடுவீர்.

யன்னல் திருத்தியாகிவிட்டது. கட்டிலும் காலி. அவல் பாதிதான் வந்தது, நீர் போட்ட முடிச்சையும் ஜெரால்டின் அவிழ்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மலையேறி சாந்தா றொசாலியாவின் கோயிலுக்குப் போனேன். நம்முடைய சனம் வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருந்தது. நானும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். என்ன நேர்ந்தேன் என்று சொல்லமாட்டேன்.

குளிர் வர முன் அக்காவின் முழங்கால் ஒப்பரேசனும் நல்லபடி முடியட்டும். சூரிச்சில் நல்ல டொக்டர்மார் இருக்கிறார்கள், யோசிக்க வேண்டாம்.

உம்முடைய
விக்னராஜா


கால்சா
9.10.2003

அன்புள்ள ஆரணியின் அப்பாவுக்கு,

அக்காவின் முழங்காலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் உங்களுக்குச் சொன்னதாக ஞாபகமில்லை. அந்த வரியைத் திரும்ப ஒருமுறை வாசித்தேன். பிறகு, ஆரணிதான் கடையில் வந்து உளறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வாயில் எதுதான் நிற்கும்? அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் உங்களைச் சந்தேகப்பட்டது போலாகிவிடும். சந்தேகம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், அதன் மறுபக்கத்தில் இத்தனை காலம் இருந்தவள் நான்.

உங்களோடு நேரில் கதைக்க ஒரு விஷயம் இருக்கிறது. கடிதத்தில் வேண்டாம். தீபாவளி முடியட்டும், நானே கபோவுக்கு வந்து சொல்கிறேன். அதுவரை ஒன்றும் கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன், பிறகு சொல்கிற சந்தோசம் போய்விடும்.

கனகா


கபோ
20.10.2003

கனகேஸ்வரிக்கு,

தீபாவளி வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. நீ சொல்ல வைத்திருந்த விஷயம் எனக்குத் தெரியும்.

"மணம் முடிவாகிவிட்டது. இனி மாறமாட்டேன். தீபாவளி முடிய வீடு மாறுவேன். ஆரணிக்கு இன்னும் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது." உன் அக்காவுக்கு வெள்ளிக்கிழமை நீ எழுதிய வரிகள். எழுத்துப் பிழைகூட விடாமல் எனக்குப் பாடம்.

ஓம், வாசித்தேன். எப்படி வாசிக்கலாம் என்று கேட்க உனக்கு என்ன உரிமை இருக்கிறது? நான் வாசித்திராவிட்டால் என்னை எவ்வளவு காலம் மடையனாக வைத்திருந்திருப்பாய்? யன்னல் திருத்து, கட்டிலைக் காலி பண்ணு என்று என்னைப் பேய்க்காட்டிக்கொண்டு, அங்கே கலியாணம் பேசி முடித்திருக்கிறாய். ஆள் ஆர்? ஜெரால்டினின் தமையன் ஏரிக்தானே? அவன் உனக்கு மேசை தூக்கித் தந்தது, விளக்குப் பூட்டித் தந்தது எல்லாம் ஆரணி சொல்லியிருக்கிறாள். கட்டின புருசன் உயிரோடு இருக்க, விவாகரத்து என்று ஒரு தாள்கூட எழுதாமல் மணமாம். உன் அக்காவும் அதற்கு உடந்தை.

நேற்று மத்தியானமே மொடெம் லைனைக் கழற்றிவிட்டேன். உன் கலியாணச் செய்தி போக என் கடை பாதை தரத் தேவையில்லை. பிறகு ஆரணி வந்தாள். பிள்ளைக்கு நீ மறைத்ததை நான் சொல்லிவிட்டேன். தாய் ஆரென்று அவளும் அறியட்டும்.

நான் வெறுங்காலோடு மலையேறியது நீ திரும்பி வரவேண்டும் என்று. அதையும் அறிந்துகொள்.

விக்னராஜா


கால்சா
23.10.2003

திரு. விக்னராஜா அவர்களுக்கு,

நாளைக்குத் தீபாவளி. நல்ல நாளும் அதுவுமாக மனக்கசப்போடு எழுத வேண்டாம் என்று நினைத்தேன். நாளைக்கு எழுதுவதிலும் பார்க்க இன்றைக்கு எழுதுவது நல்லது.

நான் அக்காவுக்கு எழுதியது 'manam'. இங்கிலீசு எழுத்தில் இரண்டு சுழியும் இல்லை, மூன்று சுழியும் இல்லை. எனக்குச் சொந்தமாக இருப்பது ஒரு மனம். மனம் முடிவாகிவிட்டது என்று எழுதினேன். நீங்கள் மணம் என்று வாசித்தீர்கள். என்னைத் தெரிந்த எவரும் அந்த இடத்தில் மனம் என்றுதான் வாசித்திருப்பார்கள். அக்கா அப்படித்தான் வாசித்தாள்.

வீடு மாறுவேன் என்று எழுதியது கபோவுக்கு. உங்கள் வீட்டுக்கு. தீபாவளி முடிய, பிள்ளையையும் சாமான்களையும் கொண்டு வருவதென்று இருந்தேன். ஆரணிக்குச் சொன்னால் உடனே உங்களிடம் ஓடிவந்து சொல்லிவிடுவாள் என்றுதான் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது என்று நான் எழுதிய 'அவர்' நீங்கள். அந்த வரியை எழுதும்போது நான் சிரித்தேன். இதைச் சொல்லத்தான் நேரில் வருவேன் என்றேன்.

ஏரிக்கின் மனைவியும் பிள்ளைகளும் மொறீசியஸில் இருக்கிறார்கள், வருகிற மாதம் இங்கே வருகிறார்கள். ஜெரால்டின் அவர்களுக்கு அறை தேடித் திரிகிறாள். ஒரு மேசையைத் தூக்கித் தந்ததற்காக அந்த மனிதனின் பெயர் உங்கள் வாயில் இப்படி அடிபடுகிறது. நான் அவளுடைய முகத்தில் எப்படி முழிப்பேன்? இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். அவளிடம் கொடுக்க எனக்கு வெட்கம்.

ஞாயிறு பின்னேரம் ஆரணி வந்து சப்பாத்தையும் கழற்றாமல் கதவோடு நின்று கேட்டாள்: "மம்மா, ஆர் அந்த ஆள்?" எந்த ஆள் என்று நான் கேட்டதையே அவள் நடிப்பென்று நினைத்தாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டி, நான் அக்காவுக்கு எழுதியதையும் திறந்து காட்டினேன். வாசித்து முடித்துவிட்டு, "அப்பா உங்கட மெயிலை வாசிச்சவரோ?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். உங்களிடம் போக வேண்டாமென்று நான் அவளைத் தடுக்கவில்லை, தடுக்கவும் மாட்டேன். போகமாட்டேன் என்று அவளே சொல்கிறாள். அவள் மேல்தான் ஆணையிட்டீர்கள் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. அதை மட்டும் உங்களுக்காக மறைத்திருக்கிறேன்.

எனக்கு வருகிற கோபம் உங்கள் சந்தேகத்தில் அல்ல. அது பழையது, எனக்குப் பழகியது. முழங்காலைப் பற்றி எழுதினீர்களே, அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் பிள்ளை மேல் பழியைப் போட்டு உங்களைக் காப்பாற்றினேனே, அதில்தான் எனக்குக் கோபம். இனி மாறமாட்டேன் என்று எழுதியவளும் நான்தான். மாறிவிட்டேன். பெர்மெஸ்ஸோ கைக்கு வந்ததும் என் பெயரில் ஒரு இணைப்பு எடுப்பேன். அதுவரை பிள்ளை நூலகத்துக்குப் போவாள்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். வெள்ளிக்கிழமை நான் எழுதியதற்கு அக்கா சனிக்கிழமையே மறுமொழி அனுப்பியிருந்தாள். அதுவும் உங்கள் படலையால்தான் வந்தது. அதையும் வாசித்திருந்தால் எல்லாம் உங்களுக்கு விளங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை மெயிலோடு நிறுத்திவிட்டீர்கள். களவெடுப்பதற்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அக்கா கேட்டிருந்தாள், உண்மையிலேயே அவர் மாறிவிட்டாரோ, நன்றாக யோசித்துச் சொல்லு என்று. நான் யோசித்தேன். ஞாயிறு காலை சமையல் முடித்துவிட்டு ஒரே வரியில் மறுமொழி எழுதினேன்: "ஓம் அக்கா, அவர் மாறிவிட்டார்." பின்னேரம், பிள்ளை உங்களிடமிருந்து திரும்பி வர முன், அதை அனுப்ப டயல் பண்ணினேன். திரும்பத் திரும்பப் பண்ணினேன். உங்கள் பக்கம் எடுக்கவில்லை. கடையில் கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன்.

அது போகாமல் இந்தக் கொம்பியூட்டரிலேயே கிடந்தது. இன்று காலை அழித்துவிட்டேன்.

கனகேஸ்வரி